மேல் வலது ஆறாவது பல்

1

இது கதையாக வந்திருக்க வேண்டியதே இல்லை. ஒரு வார இதழின் உடல்நலப் பக்கத்துக்கு ‘பல்லுக்கு கேப்: எப்போது, எதற்கு, எப்படி?’ என்று எண்ணூறு சொற்களில் ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். அதன் முதல் பத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது:

“பல்லில் அடைக்க முடியாத அளவுக்குப் பெரிய சொத்தை விழுந்தாலோ, விரிசல் விட்டாலோ, வேர் சிகிச்சைக்குப் பின் பல் பலமிழந்து போனாலோ, மிச்சமிருக்கும் பல்லைச் சுற்றிலும் ராவிச் சிறிதாக்கி அதன் மேல் ஒரு மூடியைப் பொருத்துகிறார்கள். இதுவே கேப். உலோகத்திலும் செய்யலாம், பீங்கானிலும் செய்யலாம். நன்றாகப் பொருந்திய கேப் பத்துப் பதினைந்து வருடம் உழைக்கும். பயப்பட ஒன்றுமில்லை.”

கடைசி வாக்கியத்தை இப்போது படிக்கும்போது அதை எழுதியவன்மேல் கொஞ்சம் பரிதாபம் வருகிறது.

கட்டுரைக்காக இரண்டு பல் மருத்துவர்களைப் பார்த்தேன். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள்: நாங்கள் ராவுவோம், அச்சு எடுப்போம், ஒட்டுவோம். கேப் செய்வது நாங்கள் இல்லை, அதற்கு ஆய்வகம் இருக்கிறது. அப்படியானால் செய்பவர்களையும் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அங்கேதான் கட்டுரை கையை விட்டுப் போயிற்று.

2

கதையை எங்கே தொடங்குவது என்று மூன்று தடவை முயன்றேன்.

முதல் முயற்சி: “அந்த அறையில் நாலாயிரம் வாய்கள் இருந்தன. ஒன்றுகூடப் பேசவில்லை.” அடித்துவிட்டேன். படிக்கிறவரை மிரட்டுவதற்காகவே எழுதிய வாக்கியம். தவிர, நாலாயிரம் என்பது நானாகச் சொன்ன கணக்கு.

இரண்டாவது: “மெழுகு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தப் பெண்மணியின் அக்கா ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு பேருந்துத் தீயில் செத்துப்” — பாதியிலேயே நிறுத்திவிட்டேன். செத்து என்ற சொல்லுக்கு மேல் கை ஓடவில்லை.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி எழுதுவது. அதையே செய்கிறேன்.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே, மாடியில் ஒரு நீளமான அறை. ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். எல்லாவற்றின் மேலும் மாவு சலித்தது போல வெள்ளைத் தூசு. சுவர் முழுக்கப் பலகைத் தட்டுகள். தட்டுகளில் வரிசை வரிசையாக பிளாஸ்டர் வாய்கள். மேல் தாடை, கீழ் தாடை, எண் எழுதிய சீட்டு. ஜன்னல் வெளிச்சம் பட்டபோது சில வாய்கள் சிரிப்பது போலவும் சில வலியில் திறந்தது போலவும் இருந்தன.

அங்கே இருபது வருடமாக வேலை செய்பவர் மெழுகு. உலோக கேப்பை முதலில் மெழுகில் செதுக்கி, அப்புறம்தான் உலோகத்தில் வார்ப்பார்கள். செதுக்குகிற கை அவருடையது. அதனால் அந்தப் பேர். வயது நாற்பத்து நாலு. திருமணம் செய்துகொள்ளவில்லை. பேசும்போது நம் கண்ணைப் பார்க்க மாட்டார், வாயைத்தான் பார்ப்பார்.

“டாக்டர் அச்சு எடுத்து அனுப்புவாங்க சார். ரப்பர் மாதிரி இருக்கும். அதுல பிளாஸ்டர் ஊத்துனா வாய் வந்துடும். ஆள் வராது, வாய் மட்டும்தான் வரும்” என்றார்.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “நீங்க இடது பக்கமாவே மெல்லுறீங்க. வலது பக்கம் கடைசிப் பல்லு வலிக்குது. ஆறு மாசமாச்சும் இருக்கும். டாக்டர்கிட்ட போகல.”

எட்டு மாதம். மற்றதெல்லாம் சரி. அன்றிலிருந்து அவரிடம் கூடிய வரை உதட்டைப் பிரிக்காமல் பேசப் பார்க்கிறேன்.

(அவர் செய்யும் எல்லா கடைவாய் கேப்பிலும், நாக்குப் படும் பக்கத்தில், நகத்தால் கீறியது போல ஒரு மெல்லிய கோடு இருக்கும். எதற்கு என்று கேட்டேன். “கைப் பழக்கம். கையெழுத்துன்னு வெச்சுக்குங்களேன்” என்றார். இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். ஆனால் அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை, இதையோ நீங்கள் படித்தே ஆக வேண்டும்.)

3

மூன்றாவது தடவை போனபோதுதான் அக்காவைப் பற்றிச் சொன்னார். நான் கேட்கவில்லை. ஒரு கேப் எத்தனை வருடம் தாங்கும் என்று மட்டும் கேட்டேன். அதற்குப் பதிலாக வந்தது இது.

அக்காவுக்கும் அவருக்கும் நாலு வயது வித்தியாசம். அக்கா வீட்டுக்காரர் கை நீட்டுகிற ஆள் இல்லை. பேசாமல் இருக்கிற ஆள். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் இரண்டு மாதம், மூன்று மாதம் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டில் அக்கா என்று ஒருத்தி இருப்பதே கண்ணில் படாதது போல, அவள் மேலேயே இடித்துக்கொண்டு நடந்து போவார். அக்கா தூக்கத்தில் பல்லைக் கடிக்க ஆரம்பித்தாள். நறநறவென்று பக்கத்து அறை வரை கேட்கும். மேல் வலது ஆறாவது பல், அதாவது நடுவிலிருந்து ஆறாவது, விரிசல் விட்டது. அதற்குத் தங்கையே உலோகத்தில் கேப் செய்து கொடுத்தார்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள் அக்கா ஆய்வகத்துக்கு வந்தாள். எதிரில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, தட்டில் இருந்த வாய்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் எங்கயாவது போயிட்டா என்னைத் தேடாத, என்ன?”

“நீங்க என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“டீ குடிக்கிறியான்னு கேட்டேன்” என்றார் மெழுகு.

மறுநாள் காலையில் அக்கா ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேருந்து நிலையத்துக்குப் போனாள். திரும்பி வரவில்லை. அன்று மதியம் சிநேகிதியின் ஊர்த் தடத்தில் போன பேருந்து ஒன்று பாலத்தில் மோதித் தீப்பிடித்தது. பதினோரு பேர் இறந்தார்கள். அதில் நாலு பேரை யாரென்று சொல்ல முடியவில்லை.

மூன்றாம் நாள் மருத்துவமனையில், நீளமான தாழ்வாரத்தின் கடைசியில் இருந்த அறையில், ஒரு அதிகாரி வெள்ளைத் தட்டில் ஒரு உலோகத் துண்டை வைத்து நீட்டினார். கேப். மேல் வலது ஆறு. நாக்குப் பக்கம் கோடு.

“இது யார் செஞ்சதுன்னு தெரியுமா?”

“நான்தான் செஞ்சேன்.”

“உங்க அக்காவோடதா?”

மெழுகு தலையை ஆட்டினார். தாளில் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. சாம்பலோடு கேப்பும் போயிற்று. மூன்று நாளாகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா அழுதாள், அப்புறம் சாப்பிட்டாள், அப்புறம் தூங்கினாள்.

“ரெண்டு கேள்வி கேட்டாங்க சார்” என்றார் மெழுகு. “ரெண்டுக்கும் ஒரே பதில்னு நெனச்சுட்டேன்.”

ஒரு கேப் உலகத்தில் ஒரே ஒரு பல்லில்தான் சரியாக உட்காரும். அக்காவின் பிளாஸ்டர் வாய் அப்போது ஆய்வகத்தில்தான் இருந்தது, மூன்றாவது தட்டில். மருத்துவமனையிலிருந்து நடந்தால் இருபது நிமிடம். எடுத்து வந்து அதன்மேல் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

“ஏன் பாக்கல?”

“பாக்கல” என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வருடம் இடம் போதாமல் பழைய வாய்களை எல்லாம் மூட்டை கட்டித் தூக்கிப்போட்டார்கள்.

4

இனி, இந்த வருடம்.

வெளியூர்களிலிருந்தும் அச்சுகள் கூரியரில் வரும். இரண்டரை மணி நேரப் பயணத் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரின் பல் மருத்துவமனையிலிருந்து ஒருநாள் ஒரு பெட்டி வந்தது. புது மருத்துவர், அப்போதுதான் வேலை அனுப்பத் தொடங்கியிருந்தார். சீட்டில் இப்படி இருந்தது: பெண். வயது நாற்பத்தெட்டு. மேல் வலது ஐந்தாவது பல். விரிசல். பீங்கான். கூடவே ஒரு பெயர், மெழுகுக்குத் தெரியாத பெயர்.

வழக்கம்போல பிளாஸ்டர் ஊற்றினார்.

“பிளாஸ்டர் இறுகுறப்ப சூடாகும் சார். கையில வெச்சிருந்தா உயிர் இருக்கற மாதிரியே இருக்கும். அப்புறம் ஆறிடும்.”

ஆறியதும் அச்சைப் பிரித்தார். பிரித்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்பல்லுக்குப் பக்கத்தில் இருக்கும் பல், அரிசி மாதிரி சின்னது. கோரைப்பல் கால்வாசி திரும்பியிருந்தது. கீழ்வரிசையில் இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன. சின்ன வயதில் அந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட நாரை அவரே எத்தனையோ தடவை நூல் போட்டு எடுத்துவிட்டிருக்கிறார். ராவப்பட்ட ஐந்தாவது பல்லுக்கு அடுத்து, ஆறாவது பல்லின் மேல் ஒரு கேப். அதன் நாக்குப் பக்கத்தில் ஒரு கோடு.

[இங்கே ஒரு வரி எழுதியிருந்தேன்: “பிளாஸ்டர் வாய் அவரைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தது.” பொய். எதுவும் சொல்ல வரவில்லை. அது சும்மா இருந்தது. அதுதான் பயமாக இருந்தது என்றார்.]

“கேப்போட தலை தேஞ்சு வழுவழுன்னு இருந்துச்சு. நான் செதுக்கின மேடு பள்ளம் ஒண்ணுமே இல்ல. ஒன்பது வருஷம் சாப்பிட்டிருக்கா சார். இங்க நாங்க படத்தை மாட்டி வெச்சு அழுதுக்கிட்டிருந்தப்ப, அவ எங்கயோ சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கா.”

கோபமில்லாமல்தான் சொன்னார். கொஞ்சம் கழித்து, “ஆனா சாப்பிடறதால மட்டும் அப்படித் தேயாது” என்றார். “பல்லைக் கடிச்சாத்தான் அந்த மாதிரி தேயும். போன இடத்துலயும் கடிச்சுக்கிட்டுத்தான் தூங்குறா.”

5

இந்த இடத்தில் எனக்கு மெழுகுமேல் சந்தேகம் வந்தது. அதை உங்களிடம் மறைத்துப் பயனில்லை.

பிளாஸ்டரில் தெரிந்த ஒரு வாயை வைத்து ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று எப்படிச் சொல்வது? ஒரே மாதிரி பல் வரிசை இரண்டு பேருக்கு இருக்கக் கூடாதா? அம்மா போன வருடம் இறந்துவிட்டார். வீட்டில் தனியாக இருக்கும் ஒருத்தி, தினமும் இருநூறு வாய்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவள், அதில் ஒன்றை அக்காவாக ஆக்கிக்கொண்டாளோ? அப்படி ஒரு கதை எழுதுவது எனக்குச் சுலபம். வாசகருக்கும் அது பழகிய பாதை. அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன்:

“தனிமை அவருக்குள் ஒரு அக்காவை மெல்ல மெல்ல வார்த்து எடுத்”

விட்டுவிட்டேன். காரணம், நேரே போய்க் கேட்டேன்.

“ஆஸ்பத்திரியில அந்தத் தட்டுல இருந்த கேப்பைப் பாத்ததும் உங்களுக்கு உண்மையில என்ன தோணுச்சு?”

சாணைக்கல்லை நிறுத்தினார். பிறகு கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தார்.

“கொஞ்சம் பெருசா இருந்துச்சு சார்.”

“எது?”

“கேப்பு. அக்காவுக்குச் சின்ன வாய். அந்தப் பல்லும் சின்னது. தட்டுல இருந்தது ஒரு சுத்து பெருசு. நெருப்புல கெடந்ததால அப்படித் தெரியுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அவதான் தேடாதன்னு சொன்னாளே. அம்மா வேற வாசல்லயே உக்காந்திருந்தாங்க. நான் ஆமான்னு சொன்னா ரெண்டு பேருக்கும் நிம்மதின்னு...” நிறுத்தினார். “இல்ல. எனக்கும்தான். எனக்கும் அலுத்துப்போச்சு.”

எழுதுகிறவனுக்குத் தன் பாத்திரம் இப்படி ஒரு வாக்கியம் சொன்னால் சந்தோஷம் வர வேண்டும். நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

6

அடுத்து நடந்ததில் நான் இல்லை. அவர் சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

ஐந்தாவது பல் சிரிக்கும்போது வெளியே தெரியும். பக்கத்துப் பற்களோடு நிறம் சேராவிட்டால் பொய்ப்பல் என்று பளிச்சென்று காட்டிவிடும். மெழுகு வேண்டுமென்றே இரண்டு படி வெள்ளையாகச் செய்து அனுப்பினார். இருபது வருடத்தில் தெரிந்தே செய்த முதல் தப்பு வேலை. எதிர்பார்த்தபடி மருத்துவர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

“மன்னிச்சுக்குங்க டாக்டர். அவங்களை வரச் சொல்லுங்க. நானே வந்து நேர்ல நிறம் பாத்துட்டு வந்துடறேன்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே இருந்தார். மருந்துக் கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. முகக்கவசம் போட்டுக்கொண்டார், கையுறை போட்டுக்கொண்டார். நாற்காலியில் ஏற்கெனவே ஒரு பெண்மணி சாய்ந்திருந்தார். கண்ணாடி போட்டிருந்தார். முடி பாதி நரைத்திருந்தது. இளம் மருத்துவர் மரத்துப்போக ஊசி போட்டு, தற்காலிக கேப்பைக் கழற்றி, கன்னத்தின் இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்து வைத்திருந்தார்.

“முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சிருக்குமே” என்றேன்.

“தெரியல சார். அதான் எனக்கே பயமா இருக்கு. ஒன்பது வருஷமா சுவத்துல இருந்த படத்தையே பாத்துப் பாத்து, அக்கா முகம்னா அந்தப் படம்தான்னு ஆயிடுச்சு. நாற்காலியில இருந்தவங்க அக்கா மாதிரியும் இருந்தாங்க, யாரோ மாதிரியும் இருந்தாங்க. வாயைத் திறந்தாங்க. அப்ப தெரிஞ்சுது.”

வாய் அக்காவுடையது. முகம் மட்டும்தான் சந்தேகம்.

மருத்துவருக்குத் தொலைபேசி வந்தது. “ஒரு நிமிஷம், நீங்க பாத்துக்கிட்டே இருங்க” என்று வெளியே போனார். மெழுகு நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக அந்தப் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவருடைய கட்டைவிரல் அந்தப் பெண்மணியின் உதட்டை ஒதுக்கிப் பிடித்திருந்தது, சுட்டுவிரல் பற்களுக்கு நடுவே இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வாய் நிறைய பஞ்சு. என்ன கேட்டாலும் பதில் சொல்ல முடியாது.

மெழுகு குனிந்து, வீட்டில் மட்டும் அக்காவைக் கூப்பிடும் பெயரைச் சொன்னார். [அந்தப் பெயரை எழுதக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். ஒரு உயிரெழுத்தில் தொடங்கும், அவ்வளவுதான் சொல்வேன்.]

பற்கள் மூடின.

விரலின் மேல். வெடுக்கென்று இல்லை. மெல்ல மூடி, மூடியபடியே நின்றன. மெழுகு விரலை இழுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்டேன். தெரியாது என்றார். கண்கள் அப்போதும் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. மருத்துவரின் செருப்புச் சத்தம் கேட்டதும் வாய் திறந்தது.

பஞ்சை எடுத்த பிறகு அந்தப் பெண்மணி, மரத்த நாக்கோடு, கொழகொழவென்று சொன்னார்: “மன்னிச்சுக்குங்க மேடம். தெரியாம கடிச்சுட்டேன்.”

குரலை வைத்தும் எதுவும் சொல்ல முடியவில்லை. ஊசி போட்ட வாயில் எல்லோர் குரலும் ஒன்றுதான்.

எழுந்து கிளம்பும்போது மருத்துவரிடம் கேட்டாராம்: “இவங்க ரொம்பத் தூரத்துலேருந்து வராங்களா?”

“ஆமா, ரெண்டரை மணி நேரம். உங்களுக்காகவே வந்திருக்காங்க.”

“ஐயோ, எதுக்கு? எனக்காக யாரும் இவ்வளவு தூரம் வர வேண்டாம் டாக்டர். இனிமே இவங்களை அலைய விடாதீங்க.” கதவருகே போனவர் திரும்பி, மெழுகைப் பார்க்காமல், “பாத்துப் போகச் சொல்லுங்க” என்றார்.

விரலில் மேலே இரண்டு, கீழே மூன்று, பல் தடம் ஒரு மணி நேரத்துக்கு இருந்ததாம். பேருந்தில் வரும்போது பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார்.

“பிளாஸ்டர் வாயோட அளந்து பாத்தீங்களா?”

மெழுகு அந்த விரலை மடக்கிக்கொண்டார்.

7

முடிவுகளைப் பற்றி.

இதழின் பொறுப்பாசிரியைக்குப் பிடித்திருக்கக்கூடிய முடிவு: அடுத்த வாரம் அக்கா தானாகவே ஆய்வகத்தின் படியேறி வருகிறாள், இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள், பின்னணியில் பிளாஸ்டர் வாய்கள் சிரிக்கின்றன. சிரிக்கின்றன என்ற சொல்லை எழுதும்போதே கூசியது.

என் நண்பர்களுக்குப் பிடிக்கக்கூடிய முடிவு: அப்படி ஒரு நோயாளியே வரவில்லை என்று மருத்துவர் சொல்கிறார். இதை எழுத எனக்குக் கை வந்தது. ஆனால் நான் அந்த மருத்துவரிடம் பேசியிருக்கிறேன். நோயாளி வந்தார். கடித்தார். மருத்துவர் அதைச் சொல்லிச் சிரித்தார்.

நடந்தது இவ்வளவுதான்: மெழுகு சரியான நிறத்தில் புதுக் கேப் செய்து அனுப்பினார். அதை ஒட்டுவதற்குக் குறித்த நாளில் அந்தப் பெண்மணி வரவில்லை. கொடுத்திருந்த எண்ணில் மணி அடிக்கவே இல்லை. கேப் இன்னும் அந்த மருத்துவமனை மேசை இழுப்பறையில் ஒரு சின்ன டப்பாவில் கிடக்கிறது.

இதை மெழுகால் தாங்க முடியவில்லை. அக்கா மறுபடி போய்விட்டதுகூட இல்லை, பல்.

“அது உயிருள்ள பல்லு சார். மேல இருந்த கவசத்தை ராவி எடுத்தாச்சு. இப்ப போட்டிருக்கறது சும்மா பிளாஸ்டிக் மூடி. ஒரு மாசம் தாங்கும், மிஞ்சிப்போனா ரெண்டு. அது உடைஞ்சா தண்ணி பட்டாலே உயிர் போகும். நான் போகாம இருந்திருந்தா அவ வந்து ஒட்டிக்கிட்டுப் போயிருப்பா. ஒழுங்கா வெள்ளை இல்லாம செஞ்சு அனுப்பியிருந்தா போதும்.”

இங்கே கதையை முடித்திருக்கலாம். முடித்தும் விட்டேன். கீழே கோடுகூடப் போட்டாயிற்று.

8

பத்து நாள் கழித்து, ஒரு மதிய நேரம் மெழுகு தொலைபேசியில் அழைத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“சார், அப்ப அந்தத் தட்டுல இருந்தது யாரோடது?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்தேன். அக்கா வந்து போன அத்தனை பக்கங்களிலும், அக்காவின் பெயரில் எரிந்து சாம்பலான ஒருத்தி இருந்துகொண்டே இருந்திருக்கிறாள். எழுதிய எனக்கு அவள் நினைப்பே வரவில்லை.

அந்த கேப் தேயாமல் புதிதாக இருந்தது. ஆகவே பேருந்து எரிந்ததற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் செய்தது. மெழுகு ஆய்வகத்தின் பழைய பதிவேட்டை எடுத்துத் தேடியிருக்கிறார். அந்த வருடத்தில் பெண்களுக்கு, மேல் வலது ஆறு, உலோகத்தில் செய்தது நாலே நாலு. ஒன்று அக்கா. ஒருவர் இப்போதும் ஊரில் இருக்கிறார், தொலைபேசியில் பேசினார். இன்னொருவர், “கேப்பு நல்லாத்தான் இருக்கு, பக்கத்துப் பல்லுதான் போச்சு” என்று பத்து நிமிடம் புலம்பினார். நாலாவது பெண்ணின் எண் இல்லை. அவரை அனுப்பிய பழைய பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருந்தவர், அட்டையைத் தேடி எடுத்து முகவரி சொன்னார். “இந்தம்மா அதுக்கப்புறம் வரவே இல்லையே” என்றும் சொன்னார்.

“தனியா போக முடியல சார். நீங்க கூட வாங்க.”

போனேன். கதைக்காகப் போனேனா என்று கேட்காதீர்கள். கதைக்காகவும்தான்.

காலை பதினோரு மணி. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளின் வரிசை. இரும்புக் கதவு, கொடியில் துணி, நிழலில் ஒரு ஸ்கூட்டர். வரும் வழியெல்லாம் மெழுகு எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அழைப்பு மணியை அவர்தான் அழுத்தினார். இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். கொண்டையில் பென்சில் செருகியிருந்தாள்.

“யார் வேணும்?”

ஒத்திகை பார்த்தது எல்லாம் மெழுகுக்கு மறந்துபோயிற்று.

“அம்மா இருக்காங்களா?” என்றார்.

“அம்மா வெளிய போயிருக்காங்க. உள்ள வாங்க, உக்காருங்க.”

கடைக்குப் போனவரைச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஒரு நொடி, நாம் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டோம், அந்த அம்மா காய்கறிப் பையோடு வந்துவிடுவார் என்றுகூட நினைத்தேன். மெழுகும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன்.

உள்ளே கூடத்தில் மூன்று நாற்காலிகள். தண்ணீர் கொடுத்தாள். “நான் அம்மாவுக்குப் பல் கட்டிக் குடுத்தவ” என்று மெழுகு சொன்னார். அந்தப் பெண் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப உங்களுக்குத் தெரியாதா ஆன்ட்டி? அம்மா போய் ஒன்பது வருஷமாச்சு. வேலைக்குக் கிளம்பிப் போனாங்க, வரல. யார் கேட்டாலும் வெளிய போயிருக்காங்கன்னு சொல்லு, இல்லன்னு மட்டும் சொல்லாதன்னு அப்பா சொல்லியிருக்காரு. அப்படியே பழகிடுச்சு. அவரு இன்னும் ஒவ்வொரு இடமாப் போய்த் தேடிக்கிட்டுத்தான் இருக்காரு.”

அவளே தொடர்ந்தாள்.

“அன்னைக்கு ஒரு பஸ் எரிஞ்சுது. அப்பா பதறி ஓடினாரு. அம்மா போற பஸ் அது இல்ல, இருந்தாலும் போய்க் கேட்டாரு. எல்லாரும் யார் யார்னு தெரிஞ்சு போச்சு, உங்க வீட்டம்மா இதுல இல்லன்னு சொல்லிட்டாங்க. அதுதான் சார் எங்களுக்கு ஒரே தெம்பு. அதுல இல்லன்னு ஆயிடுச்சுல்ல? அப்ப எங்கயோ இருக்காங்கன்னுதான அர்த்தம்?”

அவள் சிரித்தாள். மெழுகு அந்தப் பல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மாவைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுதான் வந்தீங்களா?” என்று கேட்டாள். குரல் மாறியிருந்தது. “சொல்லுங்க ஆன்ட்டி.”

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

தெருவில் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது. கேட்கக் கூடாது என்று இன்னும் நாலு அடி தள்ளிப் போனேன். கால் மணி நேரம் கழித்து மெழுகு வந்தார். பேருந்து நிறுத்தம் வரை நடந்து, அங்கே நின்று என்ன சொன்னார் என்பதை எனக்குச் சொன்னார். அதை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கிழித்துவிட்டேன்.

உண்மையைச் சொல்லியிருந்தால், ஒன்பது வருடமாக வெளியே போயிருக்கும் ஒரு அம்மா அந்தப் பதினோரு மணிக்குத்தான் செத்திருப்பார். பழைய கோப்பு மேசைக்கு வரும். பேருந்தில் எரிந்தது யார், எரியாதது யார் என்று கேள்வி கிளம்பும். ராவிய பல்லோடு எங்கோ இருக்கும் இன்னொருத்தியைத் தேடி ஆட்கள் போவார்கள். அவள் வீட்டுக்காரருக்கும் சொல்லப்படும். சொல்லாமல் விட்டிருந்தால், அப்பா இன்றைக்கும் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்பார், மகள் கதவைத் திறந்து அதே பதிலைச் சொல்வாள்.

மெழுகு இதில் ஒன்றைச் செய்தார். எது என்று நான் எழுதினால் நீங்கள் படித்துவிட்டுச் சரி என்றோ தப்பு என்றோ சொல்லிவிட்டு எழுந்து போவீர்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. நானே எழுந்து போனவன்தான், ஆனாலும் பிடிக்கவில்லை.

அந்தக் கூடத்தில் இப்போது ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. மெழுகுக்கும் அவளுக்கும் நடுவில். தண்ணீர் பாதி குடித்த டம்ளர் பக்கத்திலேயே இருக்கிறது. உட்காருங்கள். அவள் உங்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.